துண்டு போட்ட திடல்

எங்கள் வாரியத்துக்கு ஒரே ஒரு அதிகாரம்தான் இருந்தது. கேட்டுக்கொள்வது. கடலூரிலிருந்து காட்டுமன்னார்கோயில் வரைக்கும் இருக்கிற காலி இடங்கள், திடல், மேய்ச்சல் தரை, ஏரிக்கரை எல்லாவற்றையும் நாங்கள்தான் பாதுகாக்க வேண்டும். யாராவது அங்கே குழி தோண்டினால் நான் வெயிலில் போய் நின்று, "தோண்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்" என்று சொல்ல வேண்டும். அவர் தலையாட்டுவார். பிறகு தோண்டுவார். நான் ஆபீசுக்குத் திரும்பி வந்து "கேட்டுக்கொள்ளப்பட்டது" என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போவேன்.

நிதி நிலைமையைச் சொல்லவே வேண்டாம். டீ வாங்கிக் குடித்தால் பேனா வாங்க முடியாது, பேனா வாங்கினால் டீ கிடையாது. மஞ்சக்குப்பத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் ஆபீஸ். அதிகாரி ஒருவர், சிதம்பரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவர். நல்ல மனுஷர், விதியை மட்டும் வேதமாக நினைப்பார். அவருக்குக் கீழே கள உதவியாளர் என்று நான். எனக்குக் கீழே யாரும் இல்லை, ஜெராக்ஸ் கடைதான்.

ஊரெல்லாம் இருக்கிற காலி இடத்தைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். எனக்குக் கவலை ஒரே ஒரு திடலைப் பற்றித்தான். முதுநகரில் எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கிற திடல்.

என் வீட்டுக்காரருக்கு இழுப்பு. காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் வழியில் ஓடுகிற ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். மூச்சு ஒத்துழைக்காமல் வேலையை விட்டார். எங்கள் வீடோ சந்துக்குள் இருக்கிறது. இந்தப் பக்கத்து வீட்டுக்காரர் மாடி எடுத்தார், அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் ரோஷப்பட்டு அதைவிட ஒரு மாடி கூட எடுத்தார், நடுவில் நாங்கள் கிணற்றுக்குள் இருக்கிறோம். சாயங்காலம் கடல்காற்று கிளம்பும்போது அது எங்கள் வீட்டுக்குள் வராது, திடலுக்குத்தான் வரும். அங்கே கிழக்கு ஓரத்தில் ஒரு புங்க மரம். அதில் முதுகைச் சாய்த்து அவர் உட்கார்ந்தால், கொஞ்ச நேரத்தில் அந்த விசில் சத்தம் நெஞ்சுக்குள் அடங்கும். டாக்டர் கொடுத்த மருந்து பாதி, புங்க மரம் பாதி.

"அந்த எடம் போச்சுன்னா நானும் போயிட்டேன்னு வச்சிக்க," என்பார். சும்மா பயமுறுத்துகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு மழைக்காலத்தில் தொடர்ந்து வெளியே போக முடியாமல் போய், அவர் விடிய விடிய சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்த பிறகு அப்படி நினைக்கவில்லை.

அந்தத் திடலில்தான் ஒருநாள் லாரியில் செம்மண் வந்து இறங்கியது. மனை போட்டு விற்கிற ஒருவர், என் வீட்டுக்காரருக்கு மச்சான் முறை, வரிசையாக வெள்ளைக் கல் நட்டுக்கொண்டிருந்தார். "இது பொது இடம்" என்று எங்கள் வாரியம் வைத்திருந்த தகர போர்டைக் காணோம். விசாரித்ததில் பக்கத்துத் தெருவில் ஒருத்தர் வீட்டு பாத்ரூமுக்கு அது கதவாகியிருந்தது. "இது பொது இடம்" என்கிற எழுத்து வெளிப்பக்கமாகவே இருந்தது. அந்த வீட்டம்மா தினமும் திட்டிக்கொண்டிருந்தார், ஏனென்றால் போகிற வருகிறவர்கள் எல்லாம் கதவைத் தட்டினார்கள்.

நான் மச்சானிடம் போய்க் கேட்டுக்கொண்டேன்.

"கேட்டுக்கிட்டேன் தங்கச்சி," என்றார் அவர் மரியாதையாக. "டீ சாப்புடுறியா?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கல்லையே பிடுங்கி அவர் தலையில் போட்டிருக்கலாம். அதற்கும் எங்கள் வாரியத்துக்கு அதிகாரம் இல்லை.

அந்த வாரம் சிதம்பரத்தில் ஒரு ஆய்வுக் கூட்டம். எங்கள் வாரியத்தை வைத்துக்கொள்வதா, மூடிவிடுவதா என்று பேசுவதற்கான கூட்டம். ஃபைல்களை எடுக்க ஆபீசுக்கு வந்திருந்த அதிகாரியும் நானும் கடலூர் பஸ் ஸ்டாண்டில் நின்றோம். முகூர்த்த நாள், கூட்டம் அம்முகிறது. பஸ் உள்ளே நுழைந்து திரும்புவதற்குள், அதுவரை ரொம்ப அமைதியாக நின்றிருந்த எங்கள் அதிகாரி பாய்ந்து ஓடி, கையிலிருந்த துண்டை ஜன்னல் வழியாக ஒரு சீட்டில் போட்டார். கம்பியில் கால்வைத்து எம்பியதில் அவருடைய ஒரு செருப்பு கழன்று விழுந்ததைக்கூட அவர் கவனிக்கவில்லை. நான் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன்.

நாங்கள் உள்ளே ஏறிப் போவதற்கு வெகு நேரம் ஆனது. அதற்குள் பஸ் நிரம்பிவிட்டது. பெரிய மீசை வைத்த ஒருவர் அந்த சீட்டுக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்து நிற்கிறார். சீட் காலி, அதில் துண்டு. துண்டை எடுத்துப் போட்டுவிட்டு உட்கார அவருக்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் உட்காரவில்லை. "ஆளு வருதா, ஆளு வருதா" என்று எல்லாரையும் கேட்டுக்கொண்டு நின்றார். அதிகாரியைப் பார்த்ததும் வழிவிட்டார்.

புதுச்சத்திரம் தாண்டும்போது அதிகாரி என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, நம்ம போர்டுக்கு இல்லாத மரியாதை என் துண்டுக்கு இருக்கு பாத்தியா?"

அவர் அதை ஒரு வேதனையாகத்தான் சொன்னார். நானும் அன்று சாயங்காலம் திடலில் செம்மண் மேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரரிடம் அதைத் தமாஷாகத்தான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. துண்டைப் பற்றிப் பேசினால் சிரிக்க மாட்டார்.

"துண்டுன்னா அது சட்டம், புள்ள," என்றார். "கர்ச்சீப்பு போட்டா சண்ட வரும். பேப்பர் போட்டா காத்துல பறந்துடும். கொழந்தைய தூக்கிப் போட்டுட்டுப் போவாங்க, அது எறங்கி ஓடிடும். துண்டு ஒண்ணுதான் நிக்கும். நான் பாத்ததுல துண்டுக்கு மேல குந்துனவன் ஒருத்தனும் கெடையாது."

"அப்ப வராமலே போனா? காலம் பூரா துண்டு சீட்டுல கெடக்குமா மாமா?"

"அதெப்படி கெடக்கும்? வண்டி எடுக்கறவரைக்கும்தான். நான் ரெண்டு விசில் குடுத்துட்டேன்னா அதுக்கப்புறம் துண்டு செல்லாது. எடுத்துக் கம்பியில மாட்டிட்டு எவன் வேணா குந்தலாம். அதுவும் சட்டந்தான்."

மறுநாள் காலையில் நான் சமையலில் இருக்கும்போது அவர் தன் தோளில் கிடந்த துண்டைக் கொண்டுபோய் திடலுக்கு நடுவில் விரித்து, நான்கு மூலையிலும் செங்கல் வைத்துவிட்டு வந்தார். கேட்டதற்கு, "எடம் புடிச்சிருக்கேன்," என்றார். "உங்களுக்கு மூச்சுதான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன்," என்றேன்.

மச்சான் தன் பைக்கில் வந்தார். நானும் தெருமுனையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். துண்டைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தினார். சுற்றிச் சுற்றி வந்தார். குனிந்து கரையைப் பார்த்தார். கரையின் நிறம் தெரிந்தால் எந்தக் கட்சிக்காரர் போட்டது என்று தெரிந்துவிடும், அதற்குத் தகுந்தாற்போல் பேசிக்கொள்ளலாம். ஆனால் என் வீட்டுக்காரரின் துண்டை நான் துவைத்துத் துவைத்து அதில் கரை என்று ஒன்று இருந்ததற்கான அடையாளமே இல்லை. பச்சையாகவும் இருந்திருக்கலாம், சிவப்பாகவும் இருந்திருக்கலாம். மச்சானுக்கு வியர்த்தது. போனை எடுத்து ஒரு கட்சி ஆட்களைக் கேட்டார். அவர்கள் தங்களுக்குத் தெரியாது என்றார்கள். எதிர்க்கட்சி ஆட்களைக் கேட்டார். அவர்களும் தெரியாது என்றார்கள், சொல்லிவிட்டு, அவர்களும் அவர்களுக்கு மேலே இருக்கிறவர்களைக் கேட்டார்கள். யாருக்குமே தெரியவில்லை என்றால் அது எவ்வளவு பெரிய இடமாக இருக்க வேண்டும்!

அன்று பொழுது சாய்வதற்குள் கல்லைப் பிடுங்கி ஒரு மூலையில் அடுக்கிவிட்டார்கள். மச்சானே எங்கள் வீட்டுக்கு வந்து, "நமக்கு எதுக்கு மாப்ள வம்பு? ரொம்ப மேல எடம் போலருக்கு. துண்டு எப்டி வெளுத்திருக்கு தெரியுமா? பரம்பரைப் பணக்காரன் துண்டு அது," என்று ரகசியமாகச் சொல்லிவிட்டுப் போனார். என் வீட்டுக்காரர் வெற்று உடம்போடு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். நான் சிரிப்பை அடக்க முடியாமல் அடுப்படிக்கு ஓடினேன்.

விஷயத்தை அதிகாரியிடம் சொன்னேன். அதோடு விட்டிருக்கலாம். சும்மா கிடந்த சங்கை நானே எடுத்துக் கொடுத்தேன். அவர் உற்சாகமாகி, சிதம்பரத்துப் பக்கம் ஒரு மேய்ச்சல் தரையிலும் வீராணம் கரையில் ஒரு புறம்போக்கிலும் தன் வீட்டுப் பழைய துண்டுகளைப் போட்டுப் பார்த்தார். எல்லாம் வேலை செய்தது. உடனே "மக்களின் மரபு சார்ந்த, செலவில்லாத பாதுகாப்பு முறை" என்று நீளமாக ஒரு அறிக்கை எழுதிச் சென்னைக்கு அனுப்பினார்.

சென்னையிலிருந்து ஒரு கேள்வி வந்தது: துண்டு போட வாரியத்துக்கு அதிகாரம் உண்டா?

இல்லை. எங்களுக்கு இருந்தது கேட்டுக்கொள்கிற அதிகாரம் மட்டும்தானே. அதிகாரி ஆடிப்போய்விட்டார். இவ்வளவு நாள் சட்டவிரோதமாகத் துண்டு போட்டுவிட்டோமே என்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பிறகு கடிதம் மேல் கடிதம் போய், கூட்டம் மேல் கூட்டம் நடந்து, கடைசியில் அரசாணை வந்தது. வாரியத்தை மூடும் பேச்சு கைவிடப்பட்டு, அதன் அதிகாரங்களும் நிதியும் புதுப்பிக்கப்பட்டுவிட்டன. இனி வாரியம் தன் எல்லைக்குள் துண்டு விரிக்கலாம். துண்டு விரித்த இடத்தில் உட்காருகிற எந்தத் தனிநபரையும் எழுப்பலாம். துண்டு வாங்குவதற்கென்றே தனியாக நிதி உண்டு. அதை மார்ச் மாதம் முடிவதற்குள் செலவழிக்க வேண்டும், இல்லையென்றால் திரும்பிப் போய்விடும்.

என் வீட்டுக்காரர் தெரு முழுக்க லட்டு கொடுத்தார். "பஸ்ஸுல போட்ட சட்டம், கவர்மெண்டே எடுத்துக்கிச்சி பாத்தியா?" என்று பெருமை வேறு.

மார்ச் கடைசியில் லாரியில் துண்டு வந்தது. எல்லாம் தும்பைப்பூ வெள்ளை. கரை எதுவாக இருந்தாலும் தகராறு வரும் என்று கரையே இல்லாமல் நெய்யச் சொல்லியிருந்தார்கள். வாங்கியதை விரித்தாக வேண்டும், ஆபீசில் வைக்க இடம் கிடையாது. ஆகவே திடல் முழுக்க, ஒரு முழ இடம்கூட விடாமல், துண்டு விரித்தோம். காற்றில் பறக்காமல் இருக்க மேலே கல் வேண்டும். அதை மச்சானிடம்தான் வாங்கினோம். திடலில் நட்டுப் பிடுங்கிய அதே வெள்ளைக் கல்லை அவர் திடலைப் பாதுகாக்க எங்களுக்கு விற்றார். "பொது சேவைக்குன்னா நான் என்னிக்கும் ரெடி தங்கச்சி," என்றார்.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் வழக்கம்போல் வந்தார். புங்க மரத்தடியில் துண்டு. பக்கத்தில் துண்டு. அவர் ஒரு துண்டின் ஓரத்தை மடித்துவிட்டு உட்காரப் போனார்.

"சார், எந்திரிங்க," என்றார் அதிகாரி. பிறகு என்னைப் பார்த்தார். எழுப்புகிற அதிகாரம் கள உதவியாளருக்குத்தான் கொடுக்கப்பட்டிருந்தது. சட்டைப்பையில் குத்திக்கொள்ள ஒரு பித்தளை வில்லைகூடத் தந்திருந்தார்கள். எனக்குப் பை இல்லாததால் முந்தானையில் குத்தியிருந்தேன்.

"எழுப்பு," என்றார் என் வீட்டுக்காரர் என்னிடம். "வீட்டுல எழுப்பாததா?"

"இது பொதுமக்களுக்கு ஒதுக்கின இடங்க," என்று அதிகாரி தணிவாகச் சொன்னார்.

"அப்ப நான் யாரு சார்?"

"நீங்க தனிநபர்."

நான் நடுவில் புகுந்தேன். "பொதுமக்கள்னா யாரு சார்? அவங்க எப்படி வருவாங்க? ஒண்ணொண்ணா வந்தா எல்லாரும் தனிநபர்தானே?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, திகில்தான் இருந்தது. அதுவரை அவர் அதை யோசிக்கவே இல்லை. மறுநாளே, எத்தனை தனிநபர்கள் சேர்ந்தால் பொதுமக்கள் என்று தெளிவுரை கேட்டுச் சென்னைக்கு எழுதினார். தெளிவுரை வரும் வரைக்கும் ஆள் வருகிறது என்று பொருள், அதுவரை யாரும் உட்காரக் கூடாது.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது. தினமும் சாயங்காலம் தெருச்சனம் எல்லாம் வந்து திடலைச் சுற்றி நிற்கும். கோயிலில் பூசை முடிந்து வருகிற அம்மாக்கள், மீன் விற்று முடித்தவர்கள், கடையை மூடியவர்கள், எல்லாரும் ஓரமாக நின்று உள்ளே காற்று வாங்குகிற துண்டுகளைப் பார்ப்பார்கள். மனுஷர்கள் அனுபவிக்க வேண்டிய கடல்காற்றைத் துண்டுகள் அனுபவித்துக்கொண்டிருந்தன. என் வீட்டுக்காரர் ரோட்டோரத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்தார். லாரிக்கு லாரி தூசி. அதிகாரி மனசு கேட்காமல், ஆபீஸ் ஃபேனுக்கு அடியில் வந்து உட்காரும்படி அவரைக் கூப்பிட்டார். மாடிப்படி ஏறிப் பாதியில் மூச்சு நின்றுவிடும் போலாகி, நான்தான் கைத்தாங்கலாக இறக்கினேன்.

ஒருநாள் அவருக்கு உதடு நீலம் பாரித்துவிட்டது. ஆட்டோ வைத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். முகத்தில் மூடியைப் போட்டுப் புகை மருந்து கொடுத்தார்கள். அவர் கண் மட்டும் மேலே தெரிந்தது. அந்தக் கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று நான் அழுதேன். அழுது முடித்ததும் கோபம் வந்தது. எனக்கு எப்போதும் அந்த வரிசைதான்.

மருந்து முடிந்ததும் அவரை ஆட்டோவில் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, நேராக ஆபீசுக்குப் போய்க் கத்தினேன். "உங்க தெளிவுரை வர்றதுக்குள்ள எம் புருசன் போய்ச் சேந்துடுவாரு சார்! அவரு துண்ட வச்சித்தான் உங்களுக்கு இந்த அதிகாரமே வந்துச்சி!"

அதிகாரி தலையைக் கையில் பிடித்துக்கொண்டார். "நான் என்னம்மா பண்ணட்டும்? எந்திரின்னு சொல்லத்தான் நமக்கு அதிகாரம் குடுத்திருக்காங்க. உக்காருன்னு சொல்லக் குடுக்கலியே!"

அந்த மனுஷரின் கண்ணிலும் தண்ணீர். அவரோடு எப்படிச் சண்டை போடுவது? படியிறங்கி வீட்டுக்கு வந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய என் வீட்டுக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "இந்நேரம் மரத்தடில காத்து வந்திருக்கும்," என்றார். சாமி படத்துக்குப் பக்கத்து ஆணியில் அவருடைய பழைய கண்டக்டர் விசில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்த்தேன். அவரும் அதைப் பார்த்தார்.

"எடு," என்றார்.

அவரைத் தோளில் சாய்த்துக்கொண்டு திடலுக்குப் போனேன். சனம் வழக்கம்போல் ஓரமாக நின்றது. அதிகாரி சாயங்கால மேற்பார்வைக்கு வந்திருந்தார். நான் விசிலை என் வீட்டுக்காரர் கையில் கொடுத்தேன். அவர் வாயில் வைத்தார். புஸ்ஸென்று ஒரு காற்று, அவ்வளவுதான். வாழ்நாளெல்லாம் ஊதியவருக்கு ஒரு விசிலுக்கு மூச்சு இல்லை. தலையை ஆட்டிவிட்டு என்னிடமே நீட்டினார்.

நான் வாங்கிக்கொண்டு, அதிகாரியைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டேன். "ஆளு வந்துடுச்சா சார்?"

"எந்த ஆளும்மா?"

"துண்டு போட்டு வச்சிருக்கீங்களே, பொதுமக்கள். வந்துட்டாங்களா?"

"இன்னும் தெளிவுரை வரலியேம்மா."

"அப்ப வண்டி எடுக்குது," என்று சொல்லிவிட்டு, இருக்கிற கோபத்தையெல்லாம் சேர்த்து ரெண்டு விசில் கொடுத்தேன்.

அப்புறம் அங்கே நின்ற அத்தனை பேருக்கும் ஒரே சமயத்தில் புரிந்தது. இந்தப் பக்கத்தில் பஸ் ஏறாத ஆள் யார்? முதலில் ஓடியது மச்சான்தான். ஒரு துண்டை உருவி உதறித் தோளில் போட்டுக்கொண்டு சம்மணம் போட்டுக் குந்தினார். பிறகு மொத்தச் சனமும் உள்ளே பாய்ந்தது. கல்லை உருட்டினார்கள், துண்டை எடுத்து மரக்கிளையில் மாட்டினார்கள், "இங்க வாடி, இங்க எடம் இருக்கு" என்று ஒருவரையொருவர் கூப்பிட்டார்கள். எல்லாவற்றையும்விட வேடிக்கை எங்கள் அதிகாரிதான். விசில் கேட்டதும் அவர் கால் அவரைக் கேட்கவில்லை. விழுந்தடித்து ஓடி, ஒரு நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்த பிறகுதான் தான் யார் என்பது அவருக்கு ஞாபகம் வந்தது. எழுந்திருக்கப் போனார். சுற்றிலும் பார்த்தார். எழுந்தால் இடம் போய்விடும் என்று தெரிந்து, அப்படியே உட்கார்ந்துகொண்டார்.

தெளிவுரை இன்றுவரை வரவில்லை. துண்டுகளைத் தெரு ஆட்கள் இன்னும் கட்டிக்கொண்டு திரிகிறார்கள்.

அன்று எல்லாரும் உட்கார்ந்த பிறகும் நான் விசிலோடு நின்றுகொண்டேயிருந்தேன். வேலை போய்விடும் என்று ஒரு பக்கம் பயம். என் வீட்டுக்காரரைத் தேடினேன். புங்க மரத்தில் முதுகைச் சாய்த்திருந்தார். கடல்காற்று வந்துகொண்டிருந்தது. அவருடைய தோள் ஏறி இறங்குவது கொஞ்சம் கொஞ்சமாக நிதானத்துக்கு வந்தது. தன் பழைய வெளுத்த துண்டை எப்போது கொண்டுவந்தாரோ, பக்கத்தில் மடித்துப் போட்டிருந்தார். இடம் கிடைக்காத ஒரு அம்மா அவரிடம் குனிந்து, "இங்க ஆளு இருக்கா?" என்று கேட்டார்.

"வருது," என்றார் அவர். அவ்வளவு நாளில் மூச்சு வாங்காமல் அவர் சொன்ன முதல் வார்த்தை அதுதான். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் விசிலை முந்தானையில் முடிந்துகொண்டு போய் அங்கே உட்கார்ந்தேன்.